கோட்டைக்கு நடந்துட்டு வந்து பத்து நாள் கழிச்சு வர்ற காய்ச்சல்

மழை கொஞ்சம் ஓய்ஞ்சு பனி இறங்க ஆரம்பிச்சுட்டா நம்ம கிருஷ்ணகிரி பக்கம் நடக்கறதுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ராயக்கோட்டை மலைக்கோட்டை, மல்லசந்திரத்துல பழங்காலத்துல செத்தவங்களுக்காகக் கல் பலகையை நிறுத்திக் கட்டின கல்திட்டைங்க, பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை, கேஆர்பி டேமுக்குக் கீழ தென்பெண்ணைக் கரைன்னு ஞாயித்துக்கிழமை ஆனா ஓசூர், பெங்களூர்ல இருந்து பசங்க பையை மாட்டிக்கிட்டு வந்துடறாங்க, நம்ம ஊர்க்காரங்களும் இப்ப நிறைய நடக்கறாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் இங்க பொது மருத்துவம் பாக்குற டாக்டர், சுகரு பிரஷருன்னு வர்றவங்க கிட்ட தினமும் நடங்கன்னு சொல்றவன், அதனால யாரையும் நடக்காதீங்கன்னு பயமுறுத்த இதை எழுதல. ஆனா இதே ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் ஓபியில ஒரு காய்ச்சல் வந்துட்டே இருக்கு, நடக்கப் போறவங்களுக்கு அதைப் பத்தி யாரும் சொல்றதில்ல. யானைக்கு பயப்படறாங்க, பாம்புக்கு பயப்படறாங்க, ரெண்டும் நியாயம்தான். இதுக்கு மட்டும் யாரும் தயாராப் போறதில்ல.

ஸ்க்ரப் டைபஸ். பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடறாங்க. மாடு, நாய் மேல ஒட்டுற பெரிய உண்ணி இல்லைங்க இது, உடம்பைத் தடவிப் பாத்துட்டு "உண்ணி எதுவும் கடிக்கல சார்"னு உறுதியா சொல்றவங்கதான் அதிகம். இது சிகர்னு சொல்ற ஒரு நுண்பூச்சியோட குஞ்சு, ஒரு மில்லிமீட்டர்ல கால் பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கடிச்சா வலியும் இருக்காது. வளர்ந்த பூச்சி நம்மளை ஒண்ணும் பண்ணாது, மண்ணுக்குள்ளயே கிடக்கும். குஞ்சுதான் புல்லு நுனியில காத்திருந்து எலி மேலயோ மனுஷன் மேலயோ ஏறுது, அது கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷிங்கற பாக்டீரியா உள்ள போயிடுது. தாய்ப்பூச்சி கிட்ட இருந்து முட்டை வழியாவே குஞ்சுக்கு இந்த பாக்டீரியா போறதால ஒரு புதர்ல குடியேறிடுச்சுன்னா அங்கயே தலைமுறை தலைமுறையா இருக்கும், பத்தடி தள்ளி இருக்கற இன்னொரு புதர்ல ஒண்ணுமே இருக்காது. ஒரே பாதையில சேர்ந்து போன எட்டு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் வர்றது இதனாலதான்.

நல்ல அடர்ந்த காட்டைவிட, ஒரு காலத்துல மனுஷன் புழங்கிட்டு அப்புறம் விட்டுட்டுப் போன இடத்துலதான் இது ரொம்ப இருக்கும். புல்லும் முள்ளுச்செடியும் கலந்து கிடக்கற இடம், உண்ணிச்செடி மண்டின வரப்பு, ஆத்தோரக் கோரை, கரம்பாப் போட்ட கொல்லை, கூடவே எலி. 1791ல வெள்ளைக்காரங்க பிடிச்ச ராயக்கோட்டையில இன்னைக்கு பழைய மதிலுக்குள்ள மழைக்கு அப்புறம் தொடை உயரத்துக்குப் புல்லு, கல்லு இடுக்கெல்லாம் எலி வளை. மல்லசந்திரத்துல கல்திட்டைக்குள்ள எப்படி இருக்குன்னு பாக்க முட்டி போட்டு தவழ்ந்துதான் போறோம், போட்டோ எடுக்க அதுக்குள்ளயே உக்காந்துக்கறோம். மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்போட காலம் கி.மு. 2172ன்னு 2022ல அறிவிச்சாங்க, இவ்ளோ பழைய இடமான்னு ஆசையாப் போறவங்க சுத்தி நடந்து களைச்சுப் போய் புல்லுலயே சாஞ்சுடறாங்க. தொல்லியல் இடம்னாலே நம்ம ஊர்ல பாதி புதர்தான், அங்க தரையோட தரையா உடம்பு படற மாதிரி நாம பண்ற வேலைங்கதான் இந்தக் குஞ்சுக்கு வசதியாப் போயிடுது.

கடிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மறுநாளும் தெரியாது. 6ல இருந்து 21 நாளைக்குள்ள, பெரும்பாலும் பத்து பன்னெண்டு நாள் கழிச்சு திடீர்னு குளிர் நடுக்கத்தோட 103, 104னு காய்ச்சல் அடிக்கும், மண்டை பிளக்கற தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு வாந்தி, சிலருக்கு வறட்டு இருமல். அதுக்குள்ள அந்த ஞாயித்துக்கிழமை நடை சுத்தமா மறந்தே போயிருக்கும், டாக்டர் கேட்டாலும் ஞாபகம் வராது. ரத்தம் எடுத்தா பிளேட்லெட் குறைஞ்சிருக்கும், உடனே டெங்குன்னு நினைப்பாங்க, டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்னு வரும், டைபாய்டா இருக்கும்னு ஊசி போடுவாங்க, அதுக்கும் காய்ச்சல் இறங்காது. இப்படியே ஒரு வாரம் ஓடிடும். பெனிசிலின், செஃப்ட்ரியாக்சோன் மாதிரி மருந்துங்க இந்த பாக்டீரியாவை ஒண்ணும் பண்ணாது, எவ்ளோ காஸ்ட்லியான ஊசி போட்டாலும் சரி. ரெண்டாவது வாரத்துல நுரையீரல், கிட்னி, கல்லீரல், மூளைன்னு பாதிக்க ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஐசியூதான்.

பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க, ஆறு நாள் காய்ச்சல், மூச்சு லேசா வாங்குது. "காட்டுப்பக்கம் எங்கயாச்சும் போனீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க சார், வூட்டுலதான் இருந்தேன்"னாங்க. கூட வந்த மக, "ஏம்மா, ரெண்டு வாரம் முன்னாடி ஆத்தோரம் ஆட்டுக்குப் புல்லு அறுக்கப் போனியே"ன்னுச்சு. அந்தம்மாவுக்கு அது காட்டுப்பக்கம் போற கணக்குலயே வரல, தினப்படி வேலை. கர்ட்டனை இழுத்துவிட்டு நர்ஸ் சிஸ்டர் முழுசா பாத்தாங்க, மார்புக்கு அடியில மடிப்புல ஒரு சின்னப் பொருக்கு. சிகரெட்டால சுட்ட மாதிரி நடுவுல கறுப்பா, சுத்தி சிவப்பா, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, தொட்டா வலியில்ல, அரிப்பும் இல்ல. அவங்களுக்கே அது இருக்கறது தெரியாது. அதைப் பாத்ததும் டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சோம், மூணாவது நாள் காலையில சுடுதண்ணி கேட்டு வாங்கிக் குளிச்சுட்டு உக்காந்திருந்தாங்க.

இவ்ளோ பாடுபடுத்தற நோய்க்கு மருந்து டாக்ஸிசைக்ளின், ரொம்ப பழைய, விலை கம்மியான மாத்திரை. பெரியவங்களுக்கு 100 மில்லிகிராம் ரெண்டு வேளை, வழக்கமா ஒரு வாரம். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு அசித்ரோமைசின் குடுப்போம். சீக்கிரமே ஆரம்பிச்சா பெரும்பாலும் 48 மணி நேரத்துல காய்ச்சல் விட்டுடும். முத்திப் போய் வர்றவங்களுக்கு இந்த ரெண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியா ஏத்தறது தனித்தனியா குடுக்கறதைவிட நல்லா வேலை செய்யுதுன்னு வேலூர் சிஎம்சி முன்னால நின்னு நடத்தின ஆய்வு 2023ல வந்துச்சு. இதைப் படிச்சுட்டு மெடிக்கல் ஷாப்ல நீங்களே வாங்கிப் போட்டுக்காதீங்க, டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாம் இதே மாதிரிதான் ஆரம்பிக்கும். டெஸ்ட் விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இந்த நோய் இருக்கான்னு ரத்தத்துல பாக்கற ஐஜிஎம் எலிசா டெஸ்ட், காய்ச்சல் வந்த முதல் நாலஞ்சு நாளுக்கு நெகட்டிவ்னு காட்டலாம், அதை வச்சு இது இல்லவே இல்லன்னு முடிவு பண்ணக் கூடாது.

அதனால நடந்துட்டு வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர் கேக்கற வரைக்கும் காத்திருக்காம நீங்களே சொல்லுங்க, "இந்தத் தேதியில இந்த எடத்துக்குப் போனேன், புதர்ல நடந்தேன், புல்லுல உக்காந்தேன்"னு. வீட்டுலயே ரூமைச் சாத்திக்கிட்டு அக்குள், தொடை இடுக்கு, பெல்ட் இறுக்கற எடம், முட்டிக்குப் பின்னாடி, பொண்ணுங்கன்னா உள்ளாடை பட்டி அழுத்தற எடம், காதுக்குப் பின்னாடி, எல்லாம் பாருங்க, முதுகை யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க. துணி இறுக்கற எடமாப் பாத்துதான் அது கடிக்கும். வெக்கப்பட்டு மறைச்ச எடத்துலதான் பாதிப் பொருக்கு இருக்கு. பொருக்கு இல்லன்னாலும் நோய் இருக்கலாம், எல்லாருக்கும் அது வர்றதில்ல.

போறப்போ முழுக்கை சட்டை, முழு பேன்ட், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க. கொசுவுக்குப் பூசற டீட் கலந்த கிரீம் இதுக்கும் உதவும். உக்கார ஒரு தார்ப்பாய் போதும், இல்லன்னா வெறும் பாறை. ஆத்துல குளிச்சுட்டு துணியை செடி மேல காயப் போடற பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு நல்லா தேச்சுக் குளிச்சு, போட்ட துணியை சுடுதண்ணியில ஊறப் போடுங்க, அதைக் கட்டில் மேல வீசாதீங்க. இந்த நோய் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, அதனால காய்ச்சல்காரங்களைத் தனியா ஒதுக்கி வைக்க வேண்டியதில்ல. தடுப்பூசி கிடையாது.

குரூப்பா கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். நடை முடிஞ்சதும் வாட்ஸ்அப் குரூப்பைக் கலைச்சுடாதீங்க. பத்தாவது நாள் ஒண்ணு, இருபதாவது நாள் ஒண்ணுன்னு ஒரு மெசேஜ் போடுங்க, யாருக்காச்சும் காய்ச்சலா, உடம்புல கறுப்புப் பொருக்கு இருக்கான்னு. அன்னைக்கு வழி காட்டின ஊர்க்காரர், டீ போட்டுக் குடுத்த அக்கா, ஆடு மேச்சுட்டு கூடவே வந்த பெரியவர், அவங்க நம்பர் இருந்தா அவங்களுக்கும் ஒரு போன் பண்ணிக் கேளுங்க, தினமும் அந்தப் புல்லுல நிக்கறது அவங்கதான்.