சிகிச்சை முடிந்த பிறகும் விடாத அசதி

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்திருக்கும். ஆனாலும் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் கை ஓய்ந்துபோகும். இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் தூங்கிய மாதிரியே இருக்காது. இதைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

சிகிச்சையில் நல்ல திசுக்களும் அடிபடுகின்றன. அப்போது நோய் எதிர்ப்பு மண்டலம் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கிறது. காய்ச்சல் வந்தால் எழுந்திருக்கவே மனம் வராதே, மூளையில் அந்த ஓய்ச்சலை உண்டாக்குவது இவைதான். சிலருக்கு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இந்த எதிர்வினை (அழற்சி) சிகிச்சைக்குப் பிறகும் லேசாகத் தொடர்கிறது, சில வேளை ஆண்டுக்கணக்கில். டமாக்சிஃபென் போன்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளால் நடுராத்திரியில் உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்தால் தூக்கமும் கெடும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் அசதியைக் கூட்டும். இவற்றைக் கண்டுபிடித்தால் சிகிச்சை தர முடியும். அதனால் முதலில் பரிசோதனை.

அசதிக்கு ஓய்வுதான் மருந்து என்று தோன்றும். ஆனால் நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் தசை கரைகிறது, அப்புறம் மாடி ஏறுவதே மலையேற்றம் ஆகிவிடுகிறது. 2017-இல் ஜாமா ஆன்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழ் 113 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரையை வெளியிட்டது. உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மருந்துகளைவிட அசதியை நன்றாகக் குறைத்தன என்பதே அதன் முடிவு. முதலில் 5 அல்லது 10 நிமிட நடை போதும். மூச்சு லேசாக வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை மெதுவாக எட்டலாம். கையில் வீக்கம் இருந்தால் எடை தூக்கும் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

தெம்பாக இருக்கும் நாளில் தேங்கிய வேலையையெல்லாம் ஒரேயடியாக முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது பலருக்கும் நடக்கிறது. நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்துவது கஷ்டம்தான், ஆனால் பலன் தரும். பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் வெறுமனே "அசதியாக இருக்கிறது" என்று சொல்லாமல், 0 (அசதியே இல்லை) முதல் 10 (மிக மோசமான அசதி) வரையிலான அளவில் எத்தனை என்று சொல்லுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் அவர் காரணம் தேட வேண்டும். நடக்கும்போது மூச்சுத்திணறல், கால் வீக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். சில புற்றுநோய் மருந்துகள் இதயத்தையும் பலவீனப்படுத்தும்.