நாற்பது பேர் ரிப்போர்ட் அடித்தும் அசையாத பக்கம்

கொளத்தூரிலிருந்து வந்திருந்த அந்தத் தம்பி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். "மேடம், சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று நாற்பது பேர் ரிப்போர்ட் அடித்துவிட்டோம். விதிமீறல் எதுவும் இல்லை என்றே பதில் வருகிறது." அக்கா பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தார். கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை வெட்டி, வேறோர் உடம்பில் ஒட்டி, அவர் பெயரிலேயே யாரோ சமூக வலைதளத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள்.

பாரிமுனையில் உள்ள என் அலுவலகத்துக்கு இந்த வகை வழக்கோடு வருகிறவர்களில் பெரும்பாலோர், பட்டனை அழுத்தியதையே புகார் கொடுத்ததாக நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தப் பட்டன் நிறுவனத்தின் சொந்த விதிப் புத்தகத்துக்குப் போகிற வழி. நாற்பது முறை அழுத்தினாலும் அங்கே அதே இயந்திரம்தான் பதில் சொல்லும். சட்டத்தின் கடிகாரத்தை ஓட வைக்க வேண்டுமானால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு தளமும் அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். தளத்தின் அடிமட்டத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

அந்தரங்க உறுப்பு தெரிகிற படம், நிர்வாணப் படம், பாலுறவுக் காட்சி, ஆள்மாறாட்டம், மார்பிங் செய்த படம் ஆகியவற்றுக்குத் தனி விதி உண்டு. 2021-இல் இவற்றை நீக்க 24 மணி நேரம் கொடுத்திருந்தார்கள். 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 2 மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை, அவர் சார்பில் வேறு ஒருவரும் எழுதலாம். தம்பியின் பெயரிலேயே எழுதினோம்.

அதற்கு முன் அரை மணி நேரம் ஆதாரத்துக்குப் போனது. அவர் கொண்டுவந்த பதினேழு ஸ்கிரீன்ஷாட்டுகளில் ஒன்றில்கூட முகவரிப் பட்டை இல்லை. எல்லாம் படமும் பெயரும்தான். போலிப் பக்கத்தின் பெயரை நடத்துகிறவன் நினைத்தபோது மாற்றிக்கொள்வான். இந்தப் பக்கம் அன்று மாலைக்குள் இரண்டு முறை பெயர் மாறியிருந்தது. முகவரியில் இருக்கும் கணக்கு எண்ணோ மாறவில்லை. பக்கத்தின் முகவரி, ஒவ்வொரு பதிவின் முகவரி, பார்த்த தேதி, நேரம் என்று குறித்துக்கொண்டு, எந்த வகை உள்ளடக்கம் என்று விதியின் சொற்களிலேயே ஏழு வரி எழுதினோம். திட்டவில்லை, கெஞ்சவில்லை. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினோம். ஏழே முக்காலுக்குப் பக்கம் இல்லை.

"ஆதாரம்" என்று சொல்லி அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பிவைக்காதீர்கள். ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் குற்றம். படத்தில் இருப்பது குழந்தை என்றால் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு போலீசிடமோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ கொடுங்கள். அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கில், குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பார்த்ததும் வைத்திருந்ததும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இன்னும் பழைய தீர்ப்பையே சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

எரிச்சலூட்டுகிற எல்லாவற்றுக்கும் இந்த வேகம் கிடைக்காது. ஓர் உணவக உரிமையாளர் வந்தார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார்களாம். உடனே நீக்க வேண்டுமாம். 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கிற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பில்தான், பிறர் போடும் பதிவுக்குத் தளத்தின் பொறுப்பு எவ்வளவு என்று சொல்கிற 79-ஆம் பிரிவின்படி தளம் நீக்கியே ஆக வேண்டும் என்றால் நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வேண்டும் என்றும் சொன்னது. கேட்கிறவர்களுக்கெல்லாம் நீக்கிக் கொடுத்தால் அரசியல்வாதியின் ஊழலையும் எழுத முடியாது, ஊசிப்போன இட்லியையும் எழுத முடியாது. உரிமையாளருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது.

குறைதீர் அலுவலர் தட்டிக்கழித்தால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாமே இணையவழிதான், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம்.

நீக்கிய பிறகும் அந்தப் பக்கத்தின் விவரங்களை விசாரணைக்காக 180 நாள் தளம் வைத்திருக்க வேண்டும். பக்கத்தைத் தொடங்கியவன் யார் என்று போலீஸ் கேட்டு வாங்கக்கூடிய காலம் இது. புலன் விசாரணை அமைப்போ நீதிமன்றமோ கேட்டால் மேலும் வைத்திருப்பார்கள், கேட்காவிட்டால் அழித்துவிடலாம். கொளத்தூர்க் குடும்பம் இன்னும் போலீசுக்குப் போகவில்லை. அக்காவுக்கு வரன் பார்க்கிறார்களாம், காவல் நிலையம் ஏறினால் ஊர் பேசும் என்று அம்மா தடுக்கிறார். அக்கா மட்டும் வாரம் ஒருமுறை எனக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை நாள் மிச்சம் என்று கேட்கிறார். நேற்றுக் கேட்டபோது அறுபத்தெட்டு என்றேன்.