பயிற்சி கொடுத்தாச்சு, அப்புறம்?

"மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தும் டீச்சர் எதையும் மாற்றவில்லை." போன வாரம் ஒரு தலைமை ஆசிரியர் சொன்னது. இந்தக் கல்வியாண்டில் நான் கேட்கும் ஆறாவது புகார், வாசகம்கூட மாறவில்லை. நான் ஆசிரியர் பயிற்றுநர். அந்த மூன்று நாளும் பயிற்சி நடத்தும் கருத்தாளராக நின்றவனும் நான்தான்.

அந்த டீச்சரின் வகுப்புக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். எண்ணும் எழுத்தும் வகுப்பு; சிறு பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்கும் தமிழக அரசுத் திட்டம் அது. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை. நாங்கள் சொன்னபடியே அரும்பு நிலைப் பிள்ளைகளை, அதாவது எழுத்து இன்னும் பிடிபடாதவர்களை, சுற்றி உட்காரவைத்து அட்டைகளைப் பரப்பினார். நாலு நிமிடம் நன்றாகப் போனது. அதற்குள் நன்றாகப் படிக்கும் மலர் நிலையில் இருவருக்குள் அடிதடி. விலக்கிவிட்டுத் திரும்பினால் அட்டைகள் விசிறியாகிவிட்டன. அவ்வளவுதான், கரும்பலகைக்குப் போய்விட்டார்: "எல்லாரும் சொல்லுங்க, ப, பா."

"சார், இவங்களோட நான் உட்கார்ந்தா அவங்களை என்ன பண்றது?" என்றார். அறுபது பேர் இருந்த மண்டபத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. கேட்க நாங்கள் நேரமும் விடவில்லை; கூகுள் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

இது சோம்பேறித்தனம் இல்லை ஐயா. "சொல்லிக் கொடுத்தாச்சு, தெரியும், செய்ய மாட்டேங்கிறாங்க" என்பதை முதலில் விடுங்கள். தெரிவது வேறு, நாற்பது கண்களுக்கு முன்னால் கைக்கு வருவது வேறு. பரோட்டா வீசுவதை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை நாள் பார்த்தாலும் கை பழகாது. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் தாய்மொழி வாசிப்பை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே புத்தகங்கள். ஒரு பிரிவு ஆசிரியர்களை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குப் பயிற்றுநர் வகுப்பறைக்கே போனார். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டாம் பிரிவுப் பிள்ளைகளின் முன்னேற்றம் ஏறத்தாழ இரு மடங்கு.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. மணிக்கணக்கை வருகைப் பதிவேட்டில் காட்டுவது சுலபம்.

தலைமை ஆசிரியர்களே, பயிற்சி முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பாடவேளை வகுப்பில் உட்காருங்கள். கையில் படிவம் வேண்டாம். அதைக் கண்டால் டீச்சர் உங்களுக்குத்தான் பாடம் நடத்துவார். பிள்ளைகள் முன்னால் திருத்தவே கூடாது. இடைவேளையில் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள், போதும். சக பயிற்றுநர்களே, வாசலில் குரூப் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்கு ஓடாதீர்கள். டீச்சர்களே, "எனக்கு வரல" என்று, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சொல்லக் கூச்சப்படாதீர்கள், ப்ளீஸ். பக்கத்தில் இருப்பவருக்கும் வந்திருக்காது.

அந்த அறையில் சண்டை போட்ட இருவரையுமே அரும்புக்கு அட்டை காட்ட வைத்தோம். ஒருவன் பிரமாதம், இன்னொருவன் அட்டையை மடித்து ராக்கெட் விட்டான். வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.