மேசையை விட்டு நகராத லேப்டாப் உங்களுக்கு எதற்கு?

போன வாரம் செங்காங்கிலிருந்து என் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு ஓர் அக்கா வந்தார். துணிப்பைக்குள் லேப்டாப், அதைச் சுற்றி ஒரு துண்டு. "டச்பேட் கிளிக் ஆகமாட்டேங்குது தம்பி, அதை மட்டும் மாத்திக் கொடுத்திடுங்க" என்றார். வாங்கி மேசையில் வைத்தேன், தொட்டில் மாதிரி ஆடியது. அடியில் இருந்த நான்கு ரப்பர் காலில் இரண்டுதான் மேசையைத் தொட்டன. மூடியை மூடினால் முன்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். மூன்று நான்கு மாதமாம். "மூட வராததால ராத்திரியில இஞ்சி பூண்டு இடிக்கிற கல்லைத் தூக்கி மேல வச்சிடுவேன். காலையில கொஞ்சம் அமுங்கியிருக்கும்" என்றார், சமையல் குறிப்பு சொல்கிற குரலில்.

பக்கத்தில் நின்ற கடைப் பையனை முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது வீங்கிய பேட்டரி. அதன்மேல்தான் அந்தக் கல் ஒவ்வோர் இரவும் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் பிள்ளைகள் படுக்கும் அறையில். இந்த மாதத்தில் மட்டும் என் மேசைக்கு வந்த ஐந்தாவது வீங்கிய பேட்டரி இது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அந்த அக்கா வீட்டிலிருந்தே இரண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர். 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது அவசரத்தில் வாங்கிய லேப்டாப் அது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், சார்ஜர் செருகியபடியே இருந்திருக்கிறது. அது வீட்டு வாசலைத் தாண்டியதே என் கடைக்கு வரத்தான். அப்படியானால் அது எதற்கு லேப்டாப்?

சொன்னால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "ஃபுல் ஆனதும் தானா நின்னுடுமே அண்ணே, அப்புறம் செருகி வச்சா என்ன?" இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பாதி உண்மைதான். நூறு தொட்டதும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் நின்றது மின்சாரம் ஏறுவது மட்டுமே. பேட்டரி முழு அழுத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டிலோ அதற்குச் சற்று மேலோ, நாளெல்லாம், மாதமெல்லாம், வருடமெல்லாம். லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காத நிலை அது. வயிறு முட்டச் சாப்பிட்டவனை இலையிலிருந்து எழவும் விடாமல் பிடித்து வைத்தால் எப்படி இருக்கும்? அதோடு சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி. லேப்டாப் உள்ளே பேட்டரிக்குக் கைப்பிடித் தூரத்தில் பிராசஸர் கொதிக்கிறது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. அந்த வாயுதான் வீக்கம். நின்றுவிட்டதே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் அதே நேரத்தில்தான் இது நடக்கிறது.

இன்னொரு கூட்டம் உண்டு: "அதுக்காகத்தான் நான் ஜீரோ வரைக்கும் இறக்கிட்டு அப்புறம் ஏத்துறேன்." வேண்டாம். அது பழைய நிக்கல் பேட்டரிகளுக்குச் சொன்ன பாடம். லித்தியத்தை அடிக்கடி துடைத்து வடிப்பதும் கெடுதல்தான்.

செய்ய வேண்டியது மிகவும் சின்ன வேலை. பெரும்பாலான லேப்டாப்புகளில் சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. லெனோவோ, ஏசுஸ், டெல் வைத்திருப்பவர்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கும். எச்பியில் பல மாடல்களுக்கு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) தேட வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைப் போட்டுவிட்டுச் செருகியே வைத்திருங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஐந்து வருடம் செருகி வைத்திருந்த ஒருவர்கூட இந்த 80-ஐப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் எரிச்சல். விற்பவர்கள் சொல்வதில்லை, எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

டச்பேட் திடீரென்று அமுங்க மறுக்கிறதா, சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா, மூடி சரியாக மூடவில்லையா, கீபோர்டு நடுவில் மேடு தட்டுகிறதா? உடனே அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அப்புறம் தொடாதீர்கள். அழுத்தக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கக் கூடாது (சிரிக்காதீர்கள், செய்தவர் இருக்கிறார்). ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் குப்பைக் குழாயில் தயவுசெய்து போடவே போடாதீர்கள், கீழே அதை அள்ளுகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழுதுபார்க்கும் கடைக்கு முதலில் போன் செய்து "வீங்கியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். அந்த அக்கா மடியில் வைத்துக்கொண்டு பெருவிரைவு ரயிலில் வந்திருக்கிறார். நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

சரி, வாங்கும் பேச்சுக்கு வருவோம்.

2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் நடப்புக்கு வந்தன அல்லவா? வீட்டிலிருந்து வேலை பார்க்க மேலாளரிடம் விண்ணப்பம் கொடுத்த கையோடு என் கடைக்கு வந்து "நல்ல லேப்டாப் ஒண்ணு சொல்லுங்க" என்பவர்கள் அதற்குப் பிறகு கூடியிருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, அலுவலகத்தில் கணினி கொடுக்கிறார்களா என்பது. கொடுத்தால் எதையும் வாங்காதீர்கள். பல நிறுவனங்கள் சொந்தக் கணினியில் வேலை செய்ய விடுவதே இல்லை. ஒரு 24 அங்குல மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், அவ்வளவுதான். கழுத்தும் பிழைக்கும், காசும் பிழைக்கும்.

கொடுக்கவில்லை என்றால் இரண்டாவது கேள்வி. போன மாதம் முழுக்க எத்தனை நாள் கணினியோடு வீட்டை விட்டு வெளியே போனீர்கள்? யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப்.

உடனே ஒரு முகச்சுளிப்பு வரும். "வீட்ல இடம் ஏது?" இவர்கள் மனத்தில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய பெட்டி, கால் இடிக்கும் அந்தக் கறுப்பு டவர். இப்போது ஒரு லிட்டர் பால் பெட்டி அளவில் மினி டெஸ்க்டாப் வருகிறது. மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம், பலகையில் கீபோர்டும் மவுஸும் மட்டுமே தெரியும். லேப்டாப்பும் அதன் ஸ்டாண்டும் அடைக்கும் இடத்தைவிடக் குறைவு.

அடுத்தது மின்கட்டணம். பெரிய டவரே வைத்தாலும், லேப்டாப்பைவிட 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று கணக்குப் போடுங்கள். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள், பத்தரை யூனிட் வருகிறது. யூனிட் 30 காசு என்றால் மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம். இதைக் கேட்பவர் அதே அறையில் நாள் முழுக்க ஏர்கான் போட்டிருப்பார்.

டெஸ்க்டாப்பைத் தூக்கிப் பிடிக்க எனக்கு இருக்கும் பெரிய காரணம் வேகமல்ல, தேத்தண்ணீர். லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழேதான் மதர்போர்டு. ஒரு குவளை தே கவிழ்ந்தால் வழிந்து எங்கே போகும்? பாலும் சீனியும் போட்ட தே என்றால் காய்ந்ததும் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அடுத்த வாரம் எறும்பும் வரும். தே-ஓ கொசோங் (பாலும் சீனியும் போடாத தே) குடிப்பவர்களின் லேப்டாப்பைச் சுத்தம் செய்வது எவ்வளவோ சுலபம், என் தொழில் அனுபவம் இது. மதர்போர்டு போனால் பல மாடல்களில் புது லேப்டாப் விலையில் பாதியைக் கேட்பார்கள். டெஸ்க்டாப்பில் அதே தே கவிழ்ந்தால் போவது இருபது வெள்ளி கீபோர்டு. (கவிழ்த்துவிட்டு அரிசி மூட்டைக்குள் புதைத்துக் கொண்டுவருகிறவர்களுக்கு: உள்ளே போன தேயை அரிசி உறிஞ்சி எடுக்காது. யூஎஸ்பி துளைக்குள் இருக்கும் பொன்னி அரிசியைக் குறடால் எடுப்பதற்கும் நான் கூலி வாங்க வேண்டியிருக்கிறது.)

நினைவகம் (ரேம்) போதவில்லையா? டெஸ்க்டாப்பைத் திறந்து இன்னொன்றைச் செருகலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அதைப் போர்டோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள், வாங்கிய அன்று எவ்வளவோ சாகும்வரை அவ்வளவுதான். "ரெண்டுலயும் ஐ7 பிராசஸர் தானே" என்பவர்களுக்கு: பெயர்தான் ஒன்று. மெல்லிய உடம்புக்குள் சூடு ஏறினால் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சூடு என்றதும் பாம் ஷெல்டர் ஞாபகம் வருகிறது. புதிய வீவக வீடுகளில் இருக்கும் அந்த வீட்டுப் புகலிடத்தை அலுவலக அறையாக மாற்றும் பழக்கம் பரவி வருகிறது. போன வருடம் யீஷூனில் ஒரு தம்பி வீட்டுக்குப் போனேன், ஆறு மாதத்தில் மூன்றாம் முறையாக லேப்டாப் தானே அணைகிறதாம். போய்ப் பார்த்தால் அந்த அறைக்குள்ளே மேசை. ஜன்னல் கிடையாது. மீட்டிங்கில் சத்தம் வரக்கூடாது என்று இரும்புக் கதவையும் சாத்தி வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடி பனித்துவிட்டது. லேப்டாப் ஒரு தலையணைமேல் இருந்தது, அதன் மூச்சுத் துளைகள் பஞ்சுக்குள். நெட்டும் விட்டு விட்டு வருகிறது என்று ரௌட்டரைக் குறை சொன்னார். கம்பி கட்டிய அவ்வளவு தடித்த கான்கிரீட் சுவருக்குள் வைஃபை எப்படி வரும்? எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்டவரிடம் முதலில் மேசையைக் கூடத்துக்கு மாற்றுங்கள் என்றேன். மாற்றினார். அதே லேப்டாப் இன்றைக்கும் ஓடுகிறது.

டெஸ்க்டாப் விற்றுக் கொடுப்பதில் எனக்கு லாபம் அதிகமோ என்று சந்தேகப்படுபவர்களுக்காக அதன் குறைகளையும் சொல்கிறேன். கேமரா இருக்காது, மைக் இருக்காது, சிலவற்றில் வைஃபைகூட இருக்காது. தனியாக வாங்க வேண்டும். பெரிய தொல்லை, வீட்டில் டிரிப் ஆனால் (மின்சாரம் தானாகத் துண்டித்துக்கொண்டால்) அந்த நொடியே கணினியும் அணையும். வாட்டர் ஹீட்டரில் மின்சாரம் கசிந்து டிரிப் ஆகி, சேமிக்காத அறிக்கை போய்விட்டது என்று அழுதவரைப் பார்த்திருக்கிறேன். சின்ன யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டும் பெட்டி) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம் தாங்கினால் போதும். அதற்கும் பேட்டரி உண்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறது என்று சிம் லிம் மின்னணுக் கடைகள் பக்கமோ இணையத்திலோ பேரம் பேசுபவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதில், ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் ஆறாம் தலைமுறைப் பெட்டிகள் ஏன் நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும்.

சார்ஜர் விஷயத்தில் பேரமே பேசாதீர்கள். சேஃப்டி மார்க் (பாதுகாப்பு முத்திரை) இல்லாத அடாப்டர், மல்டிபிளக் எதுவும் வேண்டாம். மல்டிபிளக்கில் இன்னொரு மல்டிபிளக் செருகி, அதில் மூன்றாவதை மாட்டி ரைஸ் குக்கரையும் ஓட்டுகிறவர்களிடம் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: சுவரில் இருப்பது 13 ஆம்பியர்தான், நீங்கள் எத்தனை துளை சேர்த்தாலும் அது அதிகமாகாது.

செங்காங் அக்காவுக்கு மினி டெஸ்க்டாப் ஒன்றை மானிட்டர் முதுகில் மாட்டிக் கொடுத்தாயிற்று. கணக்கு மென்பொருளில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நேற்று மறுபடியும் போன் செய்தார். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்கிறாளாம், அவளுக்கும் அதேபோல ஒன்று வேண்டுமாம்.

"அவளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுங்கக்கா. தினமும் தூக்கிட்டுப் போற பிள்ளை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல வேணாம்" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏன் தம்பி, அன்னைக்கு அவ்வளவு திட்டினீங்களே?" என்றார்.