இழுத்த ரப்பர் ஏன் சுடுகிறது?

ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், லேசாகச் சுடும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, தளர விட்டு மறுபடி வையுங்கள், குளிரும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து வீட்டு வாசலில் அம்மா காட்டிய வித்தை இது. இருபது வருஷம் பால்மரம் சீவியவர். ஏன் என்று கேட்டதற்கு "அது அப்படித்தான்டா" என்றார்.

ரப்பர் என்பது ஐசோபிரீன் என்ற சின்னத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. சும்மா இருக்கும்போது சிக்கு விழுந்த நூல் மாதிரி சுருண்டு கிடக்கும். சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள் உண்டு, நேராக நிற்கத்தான் வழி குறைவு. அதனால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் சங்கிலி தானாகவே சுருளப் பார்க்கிறது, நம் விரல் உணரும் இழுவை அதுதான். நாம் இழுக்கச் செலவழித்த வேலை வெப்பமாக வெளியே வருகிறது.

சரி, ஒவ்வொரு அணுவும் எப்படி நகர்கிறது என்று எப்படிப் பார்ப்பது? கணினியில்தான். எல்லா அணுக்களையும் அதனதன் இடத்தில் வைத்து, பக்கத்து அணுக்கள் எவ்வளவு இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, நியூட்டன் விதிப்படி ஒவ்வொன்றையும் துளி நகர்த்தி, மறுபடி கணக்கிட வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான் 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை வைத்து இப்படித்தான் ஒரு திரவத்தையே கணினிக்குள் ஓடவிட்டார். எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. அணுக்களின் அதிர்வு அவ்வளவு வேகம் என்பதால் இப்படி நகர்த்தும் ஒரு அடி என்பது சுமார் ஒரு ஃபெம்டோவினாடிதான். பத்து லட்சம் அடி போட்டால்தான் ஒரு நானோவினாடி, அதாவது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு! அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃபிரான்டியர் என்ற சூப்பர் கணினி, வினாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகளை 2022-இல் தாண்டியது, அதற்கும் இது மலைப்புதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி ஆளுக்கொரு நிரை மரங்களைப் பிரித்துக் கொடுப்பது போல, இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆயிரக்கணக்கான செயலிகளுக்குக் கொடுக்கலாம், எல்லையைத் தாண்டும் அணுக்களைப் பற்றிப் பக்கத்துச் செயலிக்கு அவை சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் நேரத்தை அப்படிப் பிரிக்க முடியாது, முந்தைய அடி முடியாமல் அடுத்த அடி இல்லை. நூறு பேர் சேர்ந்தால் தோட்டம் முழுவதையும் ஒரே காலையில் சீவிவிடலாம், மரத்தில் கட்டிய ஒரு மங்கில், அந்தக் கிண்ணத்தில், பால் நிறையும் நேரத்தை ஆள் கூட்டிக் குறைக்க முடியுமா?

அதனால் 1990-இல் கிரெமர், கிரெஸ்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். பல அணுக்களை ஒரே மணியாக்கிச் சங்கிலியை மணிமாலையாக்கினால் கணக்கு குறைகிறது, பெரிய அடி வைக்கலாம். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி ஊர்வதை அதில் பார்க்க முடிந்தது. இடையிடையே கந்தகப் பாலம் போல இணைப்புகள் போட்டால், வழுக்கி ஓடிய சங்கிலிகள் இழுத்த பிறகு பழைய இடத்துக்கே திரும்புகின்றன, டயர் ரப்பர் அப்படித்தான்.

ஆனால் மணியாக்கும்போது ஒன்று தொலைகிறது. நம் காட்டு மரம் கெத்தா பெர்ச்சாவின் பாலிலும் இதே ஐசோபிரீன் சங்கிலிதான், துண்டுகள் இணையும் திசை மட்டும் வேறு. அதனாலேயே அது கெட்டியாக இறுகி, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. மணிமாலைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வித்தியாசம் வேண்டுமென்றால் மறுபடி அணு அணுவாக, ஃபெம்டோவினாடி ஃபெம்டோவினாடியாகத்தான் போட வேண்டும்.