இணைப்புத் தரகு: ‘கனெக்சன் புரோக்கர்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்

மெய்நிகர் மேசைக்கணினி முறையில் பயனரின் முன்னே இருப்பவை திரையும் விசைப்பலகையும் மட்டுமே. அவர் வேலை செய்யும் கணினி, வேறோர் இடத்திலுள்ள வழங்கி (சேர்வர்) ஒன்றுக்குள் மென்பொருளால் ஆக்கப்பட்ட மெய்நிகர்ப் பொறியாக இயங்குகிறது. அத்தகைய பொறிகள் நாற்பது ஐம்பது இருக்கும்போது, வந்தவர் யார், அவருக்குரிய பொறி எது, அது அணைந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்து, வேண்டுமானால் அதை எழுப்பி, அவரை அங்கே கொண்டு சேர்க்கும் மென்பொருளே ‘கனெக்சன் புரோக்கர்’ ஆகும்.

‘புரோக்கர்’ பழைய பிரெஞ்சு வழக்கின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வைன் பீப்பாயைத் துளைத்துத் திறந்து சில்லறையாக விற்றவரையே அது முதலில் குறித்திருக்கலாம் எனச் சொற்பிறப்பியலாளர் கருதுவர். பின்னர் அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நிற்பவரைக் குறிக்கலாயிற்று. யாழ்ப்பாணத்தில் காணிப் புரோக்கரையும் கலியாணப் புரோக்கரையும் அறியாதவர் இல்லை. எந்தக் காணி விலைக்கு வருகிறது, யார் தேடுகிறார் என்பதைக் கையில் வைத்திருந்து இருவரையும் சந்திக்கவைக்கும் காணிப் புரோக்கர், நொத்தாரிசு முன் உறுதி முடிந்ததும் விலகிவிடுகிறார். மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான்: இணைத்துவைத்தபின் திரைக்காட்சியும் விசைத்தட்டல்களும் அதன் வழியாகச் செல்வதில்லை. ஆகவே அது பழுதானால் புதிதாக நுழைய முடியாதே தவிர, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர் தொடரலாம்.

மைக்ரோசொப்ட் இதற்கு இட்ட பெயர்கள் மாறிவந்த விதமும் பொருளை விளக்கும். விண்டோஸ் சேர்வர் 2003இல் அது ‘செசன் டிரெக்டரி’, அதாவது அமர்வுகளின் பதிவேடு. பயனர் ஒருவர் நுழைந்து வேலை செய்து வெளியேறும்வரை உள்ளதே ஓர் அமர்வு. பயனரின் இடத்தில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தபின் அவர் நுழைந்தால், பாதியில் விட்ட கடிதம் அதே வரியில் திறந்தபடி கிடக்கக் காண்பது இப்பதிவேட்டினால்தான். 2008இல் சுமையை வழங்கிகளுக்கிடையே பகிரும் வேலையும் சேர்ந்து ‘செசன் புரோக்கர்’ ஆனது. 2008 ஆர்2 பதிப்பில் மெய்நிகர் மேசைக்கணினிகளையும் ஏற்று ‘ரிமோட் டெஸ்க்டொப் கனெக்சன் புரோக்கர்’ ஆயிற்று.

தமிழில் சிலர் இதனை ‘இணைப்பு முகவர்’ என்று எழுதுகிறார்கள். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். ஒவ்வொரு மெய்நிகர்ப் பொறிக்குள்ளும் ‘ஏஜென்ட்’ எனப்படும் சிறு மென்பொருள் ஒன்று நிறுவப்படுகிறது. அதற்கே முகவர் என்ற சொல் பொருந்தும். இங்கே ஒரு பயிற்சி நிலையத்துக்காக எழுதப்பட்ட நிறுவல் குறிப்பில் இரண்டும் முகவர் என்றே இருந்தன. ‘முகவரை மீள நிறுவுக’ என்ற வரியைப் படித்த இளைஞர் பொறிக்குள் இருந்ததை விட்டுவிட்டு வழங்கியில் இருந்ததை அழித்தார். பயனர்களுக்குப் பொறிகளை ஒதுக்கிய விபரம் முழுவதும் போயிற்று. அவர்மீது குற்றமில்லை, சொல்தான் அவரை வழிதவறச் செய்தது.

‘தரகர்’ நம்மிடையே நிலைபெற்ற சொல். பங்குத் தரகர், காப்புறுதித் தரகர் என்று வழங்குகிறோம். ஆயினும் மென்பொருளை ‘அர்’ ஈற்றால் ஆளாக்குவது எனக்கு உவப்பாயில்லை. ‘தரகி’ என்றால் பெண்ணைக் குறிப்பதுபோல் ஒலிக்கும். ‘இணைப்பி’யோ வடங்களைப் பொருத்தும் உறுப்புக்கு ஏற்கெனவே உரியது. செயலையே பெயராகக் கொண்ட ‘இணைப்புத் தரகு’ இத்தடைகள் எதுவும் இல்லாதது. அதை ஏற்று நிற்கும் கணினி ‘தரகு வழங்கி’. அமர்வு விபரங்களைச் சேமிப்பது ‘தரகுத் தரவுத்தளம்’. ‘தரகு வழங்கிகள் இரண்டை நிறுவி, இரண்டையும் ஒரே தரகுத் தரவுத்தளத்துடன் இணைத்து, அதன்பின் ஒவ்வொரு பொறியிலும் முகவரை நிறுவுக’ என்று எழுதினால், எதை எங்கே நிறுவுவது என்பதில் ஐயம் எழாது.