பேனல் கேட்பது வெளிச்சத்தை, சூட்டை அல்ல

ஊருக்கு வரும்போதெல்லாம் இதே கேள்விதான். "பாலைவனத்தில் வெயிலுக்கா பஞ்சம்? பேனலைப் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே?" ஐக்கிய அரபு அமீரகத்தில் சோலார் நிலையப் பராமரிப்பு என் வேலை. காலாட்ட இதுவரை நேரம் கிடைத்ததில்லை.

பேனலின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வாட், உள்ளே மின்சாரம் தயாரிக்கும் சிறு கட்டம், அதாவது செல், 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. ஜூலை மத்தியானத்தில் அதே செல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், 14 சதவீதம் சூட்டிலேயே போய்விடுகிறது.

சரி, சூட்டை ஒன்றும் செய்ய முடியாது. தூசிதான் தினப்படித் தலைவலி. மணல் கெடுதல் இல்லை, சரிந்து விழுந்துவிடும். கோலமாவு போன்ற பொடிதான் ஒட்டும். விடியற்காலையில் கண்ணாடி மேல் பனி இறங்கும், பொடி குழைந்து சேறாகும், கீழ் விளிம்புக்கு வழிந்து எட்டு மணி வெயிலில் பட்டையாகக் காய்ந்து இறுகும். நகத்தால் சுரண்டினாலும் வராது. செல்கள் தொடராக இணைந்திருப்பதால், அந்தப் பட்டைக்குள் மாட்டிய செல் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும்.

ஒரு சின்னத் தளத்தில் ஒப்பந்தக்காரர் செலவை மிச்சம் பிடிக்க, காய்ந்த சாக்கால் துடைக்கச் சொல்லியிருந்தார். ஆறு மாதம் கழித்து நான் போனபோது, சாய்ந்த வெயிலில் கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். வெளிச்சம் எதிரொளிக்காமல் இருக்கப் பூசிய மேல்பூச்சு தேய்ந்துபோயிருந்தது. பூச்சு போனால் போனதுதான்.

தண்ணீர் விட்டுக் கழுவலாமே என்பீர்கள். இங்கே தண்ணீரே பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. அபுதாபியில் ஸ்வைஹான் அருகே 2019 முதல் ஓடும் 1,177 மெகாவாட் நிலையத்தில் 32 லட்சம் பேனல்கள். தண்ணீரில்லாமல் தூரிகை ரோபோக்கள்தான் துடைக்கின்றன. அதிலும் நேரம் பார்க்க வேண்டும். பனி இறங்கிய பிறகு ஓட்டினால் தூரிகையே சேற்றைப் பூசிவிட்டுப் போகும்.

இரவுக்கு வேறு ஏற்பாடு. துபாய் சோலார் பூங்காவில் 260 மீட்டருக்கும் மேல் உயரமான கோபுரத்தின் உச்சியை நோக்கி, சுற்றிலும் தரையில் நிற்கும் ஆடிகள் வெயிலைக் குவிக்கின்றன. அந்தச் சூட்டை உருகிய உப்பில் தேக்கி, இருட்டிய பின் மின்சாரம் தயாரிக்கும் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். ஆனால் குவிக்க நேர்க்கதிர் வேண்டும். புழுதி மூட்டமான நாளில் சாதாரண பேனலைவிட இதற்கு அடி அதிகம்.

வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை செய்யச் சட்டப்படித் தடை உண்டு. "இன்னும் நாலு போல்ட்தானே" என்று யாராவது சொன்னாலும் இறங்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் உடம்பு பழகும் வரை மெதுவாகவே செய்யுங்கள். அப்புறம், ஸ்பேனரை நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்ததைச் சட்டென்று எடுத்து உள்ளங்கை கொப்பளித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.